கால் குடித்த மருந்து

உங்களில் அரைவாசிப் பேருக்கு இருட்டறை என்றால் என்னவென்றே தெரியாது. குற்றம் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. காற்றாலை இறகின் துண்டையோ விமானத் தகட்டையோ கருவிக்குள் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்து வருவதற்குள் திரையில் படம் வந்து நிற்கிறது. எங்கள் காலத்தில் படம் அப்படி வந்து நிற்காது. மெல்ல மெல்லத்தான் வரும். வெளியே வன்னி வெயில் கூரைத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சிவப்புக் குமிழின் கீழே மருந்துத் தொட்டிக்குள் பிலிமை ஆட்டிக்கொண்டு நிற்பேன். முதலில் ஒன்றும் இராது. பிறகு பனிக்குள்ளிருந்து ஆள் வருவதுபோல ஒரு கையெலும்போ விலாவெலும்போ வரும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் அந்த ஒரு நிமிடம் எனக்குப் பழகவில்லை. பட்டப்பகலில் சம்பளத்தோடு கனவு காண்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

நார் வைத்து இறுக்கிய பொருள்களுக்குள் சேதம் தேடும் வேலையை எங்கே படித்தீர்கள் என்று போன கிழமை உங்களில் ஒரு தங்கச்சி கேட்டார். ஏதாவது பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரை எதிர்பார்த்திருப்பார். ஒரு மருத்துவமாதின் காலில் படித்தேன் என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. ஏ-ஒன்பது வீதியோரம் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்றே எடுப்பவன். பூநகரிக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்குப் பொறுப்பாக, வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் ஒரு மருத்துவமாது இருந்தார். எல்லோரும் அவரை மிஸி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. முப்பத்தைந்து வயதிருக்கும். வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், பிரசவம் பார்க்க வயல் வரம்பில் நடந்து போனபோது புடையன் பாம்பு தீண்டியது. கயிற்றை இறுக்கிக் கட்டியவர்கள் அவிழ்க்க மறந்ததால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவந்தது. பாம்பு விட்டதைக் கயிறு கொண்டுபோனது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கொழும்பில் கொடுத்த கால் மரமும் தோலும். வன்னி மாரிக்கும் வயல் சேற்றுக்கும் அது ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. மிஸியின் சொந்த இடம் முல்லைத்தீவுக் கரை. அங்கே அப்போதுதான் பைபர் போட்டுகள், கண்ணாடி நார்ப் படகுகள், வந்துகொண்டிருந்தன. கண்ணாடி நார்ப் பாயை அச்சின்மேல் விரித்து, பிசினைப் பூசி, அதன்மேல் இன்னொரு பாய், இன்னொரு பூச்சு என்று படை படையாகக் கட்டும் தொழில். அதில் கைதேர்ந்த முஸ்லிம் ஒருவர் இருந்தார். ஊருக்கே அவர் நானா. மிஸி அவரிடம் போய், போட்டு கட்டுகிற கையால் எனக்கொரு கால் கட்டித் தாருங்கோ என்று கேட்டிருக்கிறார். நானா கட்டிக் கொடுத்தார். மேலே முழங்காலை ஏந்தும் கிண்ணம், அதிலிருந்து இறங்கும் ஒரு கூடு, கீழே மரப்பாதம். கூட்டையும் பாதத்தையும் பிணைக்கக் கணுக்காலில் குறுக்கே ஒரு போல்ட். காற்றுப்போல் பாரமில்லாத கால். அதோடு மிஸி சைக்கிள் ஓடினார், வரம்பில் நடந்தார், இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

ஒருநாள் மத்தியானம் எக்ஸ்றே அறைக்கு வந்து அந்தக் காலைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார்.

“தம்பி, ரெண்டு கிழமையா இந்தக் கால் என்னோட கதைக்குது. மிதிக்கேக்க டிக் எண்டொரு சத்தம். ஒருக்காப் படம் எடுத்துப் பாரும்.”

“மிஸி, இது மனிசருக்கு எடுக்கிற மெசின்.”

“அப்ப நான் மனிசி இல்லையோ?”

அதற்குமேல் கதைக்க என்ன இருக்கிறது? எடுத்தேன். காலுக்கு எப்படி எடுப்பேனோ அப்படியே, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இருட்டறைக்குள் அந்தப் பிலிம் ஊறியபோது நான் அதுவரை காணாத ஒன்றைக் கண்டேன். கண்ணாடி நாரின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாகப் படிந்து, மழைக்கு முந்தின வானம்போல் இருந்தது. நடுவில் போல்ட்டின் நிழல் வெள்ளை வெளேரென்று. நான் மெய்மறந்து நின்றேன். மெய்மறந்து நிற்கிறவன் பார்க்கிறான் என்று நினைக்காதீர்கள். நான் அந்தப் படத்தை ரசித்தேன், அவ்வளவுதான். எலும்பு முறிந்தால் வரும் கறுப்புக் கோட்டைத் தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை.

“ஒரு பிழையும் இல்லை மிஸி. பயப்படாமல் நடவுங்கோ,” என்றேன்.

பயப்படாமல் என்ற சொல்லை என்னிடம் யார் கேட்டார்கள்? அது படத்தில் இருந்ததா? என் வாயில் இருந்தது. மிஸி காலை மாட்டிக்கொண்டு, பெரிய மனப்பாரம் இறங்கியவர்போலச் சைக்கிளில் ஏறிப் போனார்.

ஒன்பதாம் நாள் பூநகரி பஸ் கொண்டக்டர் ஓர் உரப்பையைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். கடிதம் எதுவும் இல்லை. உள்ளே அந்தக் கால் கணுக்காலோடு பிளந்து கிடந்தது. பழைய பாயின் ஓரம் பிரிவதுபோல் படை படையாக விலகியிருந்தது. கொண்டக்டர்தான் நடந்ததைச் சொன்னார். ஒரு வீட்டில் பிரசவ நோவு. வரம்பில் போய்க்கொண்டிருந்தபோது கால் பிரிந்து மிஸி விழுந்திருக்கிறார். முழங்கை கிழிந்தது. ஒரு வேலிக் கம்பைப் பிடுங்கி ஊன்றி, மிச்சத் தூரத்தை நொண்டியும் தவழ்ந்தும் போயிருக்கிறார். பிள்ளை தப்பியது. தாய்க்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததாம்; மிஸி இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாய் இல்லை.

அன்று நான் சாப்பிடவில்லை.

பிளந்த காலையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் மடமை விளங்கியது. எலும்பு குறுக்கே முறியும். இது அப்படியல்ல. முதலில் உள்ளுக்குள் படைகள் ஒன்றையொன்று விட்டு விலகும். கதிர் படையின் முகத்துக்கு நேரே ஊடுருவினால், விலகின படையும் விலகாத படையும் அதற்கு ஒரே தடிப்புத்தான். விளிம்பில் பார்த்திருந்தால் ஒரு மயிரளவு தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தைப் போல்ட்டின் வெள்ளை நிழல் மூடியிருந்தது. அந்த போல்ட்டை நான் ஏன் கழற்றவில்லை? ஆஸ்பத்திரிக்காரன் என்பதால்! உடம்புக்குள் ஆணி வைத்த நோயாளி வந்தால் ஆணியைக் கழற்றிவிட்டா படம் எடுப்போம்? ஒரு திருகாணித் திறப்பால் இரண்டு நிமிடத்தில் கழற்றியிருக்கலாம். என் கைக்கு அது தோன்றவேயில்லை. உங்கள் கைகளுக்கும் இப்படிச் சில பழக்கங்கள் இருக்கும். அவை எவை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இப்போது தெரியாது.

நானா இரண்டாவது கால் செய்து அனுப்பினார். ஆனால் மிஸிக்குப் பொறுப்பான டொக்டர் இந்த முறை இறுக்கமாக நின்றார். கால் பழுதில்லை என்று எக்ஸ்றேக்காரர் எழுதித் தந்தால் வெளிவேலை. இல்லாவிட்டால் கந்தோரில், அலுவலகக் கதிரையில் இருந்தபடி, பதிவேடு எழுத வேண்டும். மிஸியைக் கதிரையில் இருத்தினால் அந்தக் கிராமங்களுக்கு வேறு மிஸி கிடையாது. நாளுக்கு ஒரு பஸ், அதுவும் வந்தால்தான். அந்த முடிவு இப்போது என் பேனாவுக்கு வந்துவிட்டது.

புதுக்காலை, போல்ட்டைக் கழற்றிவிட்டு, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி எடுத்தேன். படம் சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பார்க்கத்தான் இப்போது பயமாக இருந்தது. பிலிம்களைக் காயப்போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து இருந்தேன்.

இருட்டறையைக் கூட்டித் துடைக்கவும் பிலிம் கழுவவும் எனக்குத் துணையாக ராக்கம்மா என்றொருவர் இருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு வந்து முரசுமோட்டைப் பக்கம் குடியேறியவர். என் வயதுதான். பேச்சில் மலைநாடு அப்படியே இருந்தது.

“என்னங்க ஐயா, கப்பல் கவுந்த மாதிரி இருக்கீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். விலகியிருந்தாலும் தெரியாது, உள்ளுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை என்றேன்.

ராக்கம்மா துணியைப் பிழிந்தபடி சொன்னார்: “வயித்துப் படத்துக்கு வர்றவங்களுக்கு மட்டும் அந்த வெள்ளத் தண்ணிய குடிக்கக் குடுக்குறீங்கல்ல. இந்தக் காலுக்கும் எதையாச்சும் குடிக்கக் குடுங்களேன்.”

நான் எழுந்துவிட்டேன். இரண்டு வருடம் படித்து வந்தவன் நான். இது எனக்கு ஏன் வரவில்லை?

முதலில் அந்த வெள்ளைத் தண்ணீரையே கொடுத்தோம். அது பேரியம்; போன இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகக் காட்டும், ஆனால் மாக்கரைசல்போல் தடித்தது. போல்ட் துளையின் வாயிலேயே பவுடர் பூசினதுபோல் ஒட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. பிறகு சிறுநீரகப் படத்துக்கு நரம்பில் ஏற்றும் அயடீன் மருந்து நினைவுக்கு வந்தது. ஒரு நோயாளிக்கு ஏற்றியபின் குப்பியில் மிஞ்சுவதை எறிந்துவிடுவோம். அந்த மிச்சத்தை ராக்கம்மா எடுத்துவைத்தார். இலகுவில் ஊறட்டும் என்று கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தேன். துளையின் ஒரு வாயை மெழுகால் அடைத்து, மறுவாயால் ஊற்றி, ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு, வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் துடைத்துப் படம் எடுத்தேன்.

இருட்டறைக்குள் நானும் ராக்கம்மாவும் தொட்டியைக் குனிந்து பார்த்தபடி நின்றோம். நார் இழைகள் வந்தன. துளை வந்தது. பிறகு, துளையைச் சுற்றி, ஒன்றின்பின் ஒன்றாக, வெண்ணிற இதழ்கள் விரிந்தன. நந்தியாவட்டைப் பூ ஒன்று தண்ணீருக்கடியில் மலர்வதுபோல் இருந்தது. “ஆத்தாடி, எவ்வளவு அழகா இருக்கு!” என்றார் ராக்கம்மா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது. ஏனென்றால் ஒவ்வோர் இதழும் மருந்து புகுந்த ஒரு விலகல்; அதுவோ ஒரு நாளும் மாட்டி நடக்காத புதுக்கால்.

வெளியே நீள வாங்குப் பலகையில் மிஸி ஊன்றுகோலோடு இருந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கனநேரம் பார்த்தார்.

“சின்னனாத்தானே கிடக்கு.”

“ஓம் மிஸி. ஆனால் நடக்க நடக்கப் பெருக்கும்.”

“எப்ப பெருக்கும்? நாளைக்கோ? அடுத்த வருசமோ?”

“அது எனக்குத் தெரியாது.”

“தெரியாததை ஏன் எழுதுறீர்? அண்டைக்குத் தெரியாமல் இல்லையெண்டனீர். இண்டைக்குத் தெரியாமல் ஓமெண்டுறீர். தம்பி, நான் உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன், என்னைக் கதிரையில இருத்தாதேயும்.”

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது; அதுதான் கொடுமை. என் பிழையால் விழுந்தவர் கேட்கிறார். ஒரு வரி போதும், அவர் என்னை மன்னித்துவிடுவார். அரை மணித்தியாலம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். கடைசியில் கண்டதைக் கண்டபடி எழுதினேன்: கணுக்காலில் துளையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் படைகள் விலகியிருக்கின்றன. மிஸி தாளை வாங்கிப் படித்தார். ஊன்றுகோல் சத்தம் மட்டும் அந்த நீள விறாந்தையில் கனநேரம் கேட்டது.

அடுத்த லீவு நாளில் பிலிமையும் காலையும் எடுத்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ் ஏறினேன். கடற்கரையில் கவிழ்த்து வைத்த போட்டுகளுக்கு நடுவே நானா பிசின் கலக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

“என்ட கையால கட்டின போட்டு ஒண்டாவது பிளந்ததெண்டு ஆரும் சொல்லட்டும்! நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிற ஆள், உங்களுக்கு பைபரப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்டும் தெரியாது நானா. அதுதான் உங்களிட்ட வந்தனான்.”

கோபம் கொஞ்சம் இறங்கியது. பிலிமை வாங்கி, காலின்மேல் பொருத்தி, சூரியனுக்கு நேரே பிடித்தார். அவர் விரல் அந்த வெள்ளை இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவியது.

“இது நான் ட்ரில் போட்ட இடம்,” என்றார் மெதுவாக. “கூடு காய்ஞ்சு இறுகினாப் பிறகு துளைக்கிறன். ட்ரில் வெளிய வரேக்க ஒரு உதறு உதறும். அப்பவே உள்ளுக்கு விட்டிருக்கு. இவ்வளவு நாளும் எனக்கு இது தெரியாது பாருங்க.”

அதன்பிறகு நானா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தானே யோசித்து வழி கண்டார். ஒரு மர முளையை முதலிலேயே நட்டுவிட்டு, ஈரப் பாயின் நார்களை வெட்டாமல் அந்த முளையைச் சுற்றி விலக்கி விலக்கிப் படுக்கவைத்தார். காய்ந்ததும் முளையை உருவ, துளை தானாக இருந்தது. ட்ரில்லுக்கு வேலையே இல்லை. இப்போது உங்கள் தொழிற்சாலைகளில் இதற்கென்று பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது கால் மருந்து குடித்துப் படத்துக்கு நின்றது. பூ விரியவில்லை. நான் இப்படி எழுதினேன்: படம் எடுத்த இடங்களில், மருந்து புகக்கூடிய விலகல் எதுவும் தெரியவில்லை, துளையோடு தொடுப்பில்லாத விலகலை இந்த முறையால் காண முடியாது, மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும். டொக்டர் தாளைப் பார்த்துச் சினந்தார்.

“ஓமோ இல்லையோ எண்டு எழுதுமன் ஐசே. இதென்ன வக்கீல் கடிதமோ?”

“எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் டொக்டர்.”

முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். மிஸி கதிரையை விட்டு எழும்பிச் சைக்கிளுக்குத் திரும்பினார். என்னோடு இன்னும் கதைக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கொருதரம் சொன்ன நாளில் வந்து, காலை மேசைமேல் வைத்துவிட்டு, வாங்கில் போய் இருப்பார். இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் படம் சுத்தம்.

பிறகு மாரி வந்தது. அந்த மாரியில்தான் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவருடைய தாய்வீடு பூநகரிக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே. நாள் நெருங்குமுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவோம் என்றிருந்தேன். மழை விடவில்லை. நான் லீவில் அங்கே போய்ச் சேர்ந்த கையோடு பஸ்ஸும் நின்றுவிட்டது. குறித்த நாளுக்கு இரண்டு கிழமை முன்பே, ஒரு காலையில் நோவு கண்டுவிட்டது. மைத்துனர் மிஸியைக் கூட்டிவரச் சைக்கிளில் போனார். நான் வேலிப் படலையில் நின்றேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வயலெல்லாம் ஒரே வெள்ளம். வானம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதற்குள் வரம்பு ஒரு கோடுபோல் கிடந்தது. அந்தக் கோட்டின் தூரத்து முனையில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. மிஸி. மைத்துனர் பையோடு பின்னால். குடை மெல்ல மெல்லப் பெரிதாகி வந்தது. தொட்டிக்குள் படம் வருவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மனம் நாள்களை எண்ணியது. மூன்று மாதம் முடிந்து பத்து நாள். பஸ் இல்லாததால் மிஸி வரவில்லை. மனைவியைப் பற்றிய கவலையில் நானும் அதை நினைக்கவில்லை. நானே எழுதின கெடு முடிந்துபோன கால் அந்த வரம்பில் வந்துகொண்டிருந்தது. வரம்பின் நடுவே ஓரிடத்தில் தண்ணீர் மேவிப் பாய்ந்தது.

நில்லுங்கோ மிஸி, நான் வந்து தூக்குறன் என்று கத்த வாயெடுத்தேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. தூக்குவதென்றால் அவர் சம்மதிக்க மாட்டார், வாக்குவாதப்படுவார், நேரம் போகும். நான் வாயை மூடிக்கொண்டேன். பாய்கிற தண்ணீருக்குள் அந்தக் கால் இறங்குவதையும், ஊன்றுவதையும், ஏறுவதையும் பார்த்தேன்.

மிஸி படலைக்கு வந்து இரண்டு கால்களிலும் இருந்த சேற்றை ஒரே மாதிரிக் கழுவினார். “என்ன விறைச்சுப் போய் நிக்கிறீர்? தண்ணி கொதிக்கப் போட்டாச்சோ?” என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு.

மத்தியானம் மகள் பிறந்தாள். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. மிஸி இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. பிள்ளையை என் கையில் தந்துவிட்டுத் தாழ்வாரத்தில் வந்து இருந்தார்.

“தம்பி, படம் எடுக்கிற தவணை தப்பிப் பத்து நாள்.”

“தெரியும் மிஸி. நீங்கள் வரம்பில வரேக்க எண்ணிப் பாத்தனான்.”

“எண்ணிப் பாத்திட்டு ஏன் சொல்லேல்ல?”

நான் பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தேன். மிஸி என் முகத்தைப் பார்த்தார். “அண்டைக்கு நான் உம்மட்டக் கேட்டதும் இதைத்தான், சொல்லாமல் விடும் எண்டு,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய், மழையைப் பார்த்தபடி சொன்னார்.

பஸ் ஓடத் தொடங்கியதும் காலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்து கொடுத்தோம், படம் எடுத்தோம். துளையின் ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளை இதழ், நகக்கண் அளவு. நான் ராக்கம்மாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். வெளியே வந்து மிஸியிடம் ஒளிக்காமல் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை.

எழுதினேன். நானா புதுக்கால் முடித்து அனுப்ப ஆறு கிழமை சென்றது. அந்த ஆறு கிழமையும் மிஸி கந்தோரில் பதிவேடு எழுதினார். அந்த நாள்களில் அந்தக் கிராமங்களில் யாருக்கு நோவு கண்டது, யார் வந்து பார்த்தார்கள், என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது; விசாரிக்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. மிஸியைக் கதிரையில் இருத்திய அந்தத் தாளில் நான் கையெழுத்து வைத்த அன்று என் மகளுக்கு எட்டு நாள்.